ஆமத்தூர் இல்லாவிட்டால் என்ன?

விருதுநகர்–சிவகாசி வழியில் இருக்கும் ஆமத்தூரின் பெயர்கூட இல்லாத பயணக் கையேட்டை எப்படி நம்புவது என்று கேட்கிறார் நண்பர். தாராளமாக நம்பலாம். முதன்முறை இந்தியா வருகிறவருக்கு இங்கே எதைக் காட்டப்போகிறார்? பட்டாசு ஆலையையா? மருந்து அறைகளைத் தள்ளித் தள்ளிக் கட்டி, ஓர் அறைக்கு இத்தனை பேர்தான் என்று கணக்கு வைத்து வேலை நடக்கும் இடம் அது. ஓர் உராய்வு போதும்; இந்த வட்டாரம் பார்த்த சாவுகள் கொஞ்சமா? அங்கே கேமராவும் கையுமாக ஆளை அனுப்பாத புத்தகம் பொறுப்பாகத்தான் நடந்துகொண்டிருக்கிறது.

நண்பரின் அடுத்த புகார்: கையேட்டில் விலையும் பஸ் நேரமும் பழசாகிவிடுகின்றனவாம். ஆகட்டுமே, அதைக் கண்டக்டரிடம் கேட்டுக்கொள்ளலாம். மதியம் கோயில் நடை சாத்துவார்கள், சித்திரை வெயிலில் அலையக்கூடாது, குழாய்த் தண்ணீரை அப்படியே குடிக்கக்கூடாது: புதியவரைக் காப்பாற்றும் இவை பதிப்புக்குப் பதிப்பு மாறுவதில்லை.

என் வழக்கு வேறு. மதுரையை விட்டால் கன்னியாகுமரி என்று தாவும் கையேடுகள், ஸ்ரீவில்லிபுத்தூர் ஆண்டாள் கோயிலையும் விருதுநகரில் காமராஜர் வாழ்ந்த வீட்டையும் ஜன்னல் வழியாகக்கூடப் பார்ப்பதில்லை. எண்ணெயில் பொரித்த விருதுநகர் பரோட்டாவுக்கு அரை வரி கிடையாது. நண்பர் இதற்காகச் சண்டைக்குப் போயிருந்தால் நானும் வேட்டியை மடித்துக் கட்டியிருப்பேன்.