எளிமையும் வெளிப்படையும்

பொதியிடும் பொருளொன்று எளிதாயிருப்பதைக் கண்டவுடன், "இஃது எவருக்கும் தோன்றக்கூடியதே, இதற்கும் ஓர் ஆக்கவுரிமையா?" எனக் கேட்போர் பலர். விடையைக் கையில் வைத்துக்கொண்டு கேட்கும் கேள்வி இது என்பதை அவர்கள் எண்ணிப் பார்ப்பதில்லை.

சட்டம் கண்டுபிடித்தவரின் வியர்வையை அளப்பதன்று. ஒரு பொருள் எம்முறையிற் கண்டறியப்பட்டது என்பதனால் அதன் ஆக்கவுரிமை மறுக்கப்படலாகாது என ஐக்கிய அமெரிக்காவின் 1952 ஆம் ஆண்டுச் சட்டம் கூறிற்று. அத்துறையிற் சாதாரண தேர்ச்சியுடைய ஒருவருக்கு, அன்றைய நிலையில், அது வெளிப்படையாயிருந்திருக்குமா என்பதே வினா. இலங்கையின் 2003 ஆம் ஆண்டின் 36 ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டமும் இவ்வளவுகோலையே கொண்டுள்ளது.

அமெரிக்கக் கூட்டாட்சி மேன்முறையீட்டு நீதிமன்றம் 1999 இல் தீர்த்த வழக்கொன்றை நோக்குக. உதிர்ந்த இலைகளை நிரப்பும் பெரிய செம்மஞ்சட் பிளாத்திக்குப் பை. அதன்மேல் கண், மூக்கு, வாய். நிரப்பியதும், ஹலோவீன் நாளில் அந்நாட்டார் முகஞ்செதுக்கி வைக்கும் பூசணிக்காய்போலத் தோன்றும். குப்பைப் பை பழையது. கடதாசியாற் பூசணி முகஞ்செய்யச் சிறுவர்க்குக் கற்பிக்கும் கைப்பணி நூல்களும் பழையன. இரண்டையும் சேர்த்தால் இப்பை வந்துவிடுமே என்று ஆக்கவுரிமை அலுவலகம் மறுத்தது. சேர்க்குமாறு தூண்டியது எது என்பதற்குச் சான்று காட்டப்படவில்லை என்று நீதிமன்றம் அம்மறுப்பை நீக்கியது. நகைப்புக்கிடமான பைதான், யானும் நகைத்தேன். ஆயினும் நகைப்பு சான்றாகாது.

இதனால், எளியோர் செய்ததெல்லாம் உரிமை பெறவேண்டும் என்பாரோடு யான் உடன்படுவதாகக் கொள்ளற்க. பூச்சிகொல்லிப் போத்தலின் தெளிகருவியை அமுக்கிப் பிடித்து, அனுப்பும் வழியில் ஒழுகாது காக்கும் மூடியொன்று 1966 இல் அமெரிக்க உயர் நீதிமன்றத்தின் முன் வந்தது. கல்மார் நிறுவனத்துக்கும் குக் கெமிக்கல் நிறுவனத்துக்கும் இடையிலான வழக்கு அது. நெடுநாளாக உணரப்பட்ட தேவை, பிறர் முயன்று தோற்றமை, சந்தையிற் கண்ட வெற்றி ஆகிய மூன்றும் மூடிக்குச் சார்பாக எடுத்துரைக்கப்பட்டன. கீழ் நீதிமன்றங்கள் ஏற்றன. உயர் நீதிமன்றம் ஏற்கவில்லை. ஏனெனில், 1953 இல் வழங்கப்பட்ட வேறோர் ஆக்கவுரிமையில், திரவம் வார்க்கும் குழாய்வாய்க்குரிய மூடியில், அவ்வுபாயம் ஏறக்குறைய முழுமையாகவே இருந்தது. "அது வேறு தொழில்" என்ற வாதமும் எடுபடவில்லை; கலத்தை ஒழுகாது மூடுவதே இரண்டிலும் பிரச்சினை. தேடியிருந்தால் எவரும் கண்டிருக்கக்கூடிய ஏட்டை ஒருவர் தேடாது விட்டமைக்காகப் பொதுமக்கள் விலை கொடுக்கவேண்டுமா?

மூடி தோற்றதும் பை தப்பியதும் ஒரே நியாயத்தாலேயே. முன்னதில் தேதியிட்ட ஏடு இருந்தது. பின்னதில், இரு ஏடுகளை இணைத்தது அலுவலரின் பின்னறிவு மாத்திரமே.

2007 இல் உயர் நீதிமன்றம், தொழில் தெரிந்தவன் இயந்திரமல்லன், அவனுக்கும் சிறிது கற்பனையுண்டு எனக்கூறி, சான்று பற்றிய இறுக்கமான விதியைத் தளர்த்திற்று. நம் வாதிகள் இதனைத் தமக்குக் கிடைத்த வெற்றியாகக் கொண்டாடுவர். ஆனால் அதே தீர்ப்பு, வெளிப்படையென மறுப்பவர் அதற்கான காரணத்தை விளக்கியுரைக்க வேண்டும் என்றும் வற்புறுத்துகிறது. "எவருக்கும் தோன்றும்" என்பார், எவருக்கு, எந்த ஆண்டில், எதைப் பார்த்துத் தோன்றியிருக்கும் என்பதை எழுதித் தரட்டும்.