தீவுக்கு எந்தக் கணனி?

"மாமா, புதுக் கணனி ஒண்டு வாங்க வேணும். ஆனா இந்த முறை நீங்கள் சொல்லுறதை அப்பிடியே வாங்க மாட்டன். உங்களிட்டைக் கேட்டுப்போட்டு நானே யோசிச்சுத்தான் வாங்குவன்."

நெடுந்தீவிலிருந்து என் தங்கையின் மகள் தொலைபேசியில் சொன்ன வார்த்தைகள் இவை. முப்பது ஆண்டுகளுக்கு மேலாகப் பத்திரிகையில் எழுதி, ஊருக்குப் புத்தி சொல்லியே பழகிப்போன எனக்கு அது சுருக்கென்று தைத்தது. ஆயினும் அவள் பக்கத்தில் நியாயம் இருந்தது. கடந்த முறை அவளுக்குக் கணனி தெரிவு செய்து கொடுத்தவன் நான். அந்தத் தெரிவு பிழைத்துப்போயிற்று.

அவள் செய்வது சிறிய தொழில்தான். கருவாடு, பனம்பொருட்கள் ஆகியவற்றை அயலவர்களிடம் கொள்வனவு செய்து யாழ்ப்பாணத்துக்கும் கொழும்புக்கும் அனுப்புகிறாள். தீவைப் பார்க்க வருபவர்களுக்கென வீட்டின் இரண்டு அறைகளை வாடகைக்கு விடுகிறாள். இவற்றோடு, கணக்கு எழுதத் தெரியாத பத்துப் பன்னிரண்டு பேருக்கு வரவு செலவும் எழுதிக் கொடுக்கிறாள். ஆகவே அந்தக் கணனி பழுதடைந்தால் ஒரு வீட்டின் வேலை மட்டும் நிற்பதில்லை.

2023இல் நான் வாங்கிக் கொடுத்தது மெல்லியதாய், பாரமற்றதாய், பார்த்தவுடன் மனதைக் கவரும் ஒரு மடிக்கணனி. கடைக்காரர் வேகத்தைச் சொன்னார், திரையின் துலக்கத்தைக் காட்டினார், நானும் தலையாட்டினேன். ஒன்றரை ஆண்டு நிறைவதற்குள் ஒருநாள் அது கண் திறக்க மறுத்துவிட்டது. அவள் அதைத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு கடல் கடந்து குறிகட்டுவானுக்கு வந்து, அங்கிருந்து 776 இலக்கப் பேருந்தில் யாழ்ப்பாணம் வந்து சேர்ந்தாள். திருத்துபவர் திறந்து பார்த்துவிட்டு, தாய்ப்பலகையில் பச்சை நிறத்தில் உப்புத் துரு ஏறியிருப்பதைக் காட்டினார். நினைவகமும் சேமிப்பகமும் பலகையோடு சேர்த்தே ஒட்டப்பட்டிருந்தன. கழற்றி வேறொன்றில் பொருத்திப் பார்க்க வழியில்லை. கொழும்புக்கு அனுப்பி, பத்தொன்பது நாட்கள் காத்திருந்து, "இதற்கு மேல் செலவழிக்க வேண்டாம்" என்ற பதிலைப் பெற்றோம். இரண்டு ஆண்டுக் கணக்குகள் அதனுடன் போயின. அந்தக் கணக்குகளைக் காட்டிப் பெறவிருந்த வங்கிக் கடனும் கைநழுவியது.

அன்றிலிருந்து என் மனதில் இருந்து வரும் எண்ணத்தையே இங்கு எழுதுகிறேன். மடிக்கணனி தெரிவு செய்வது பற்றி நாம் படிக்கும் ஆலோசனைகள் யாவும், இருபத்துநான்கு மணி நேரமும் மின்சாரம் உள்ள, பக்கத்துத் தெருவில் திருத்தகம் உள்ள, உப்புக்காற்று வீசாத ஊர்களில் இருந்து எழுதப்படுபவை. நம்மவர்களோ அவற்றைப் படித்துவிட்டுத் தீவுக்குக் கணனி வாங்குகிறார்கள். முதலில் பார்க்க வேண்டியது கணனியின் வேகத்தை அல்ல. அது போயிருக்கப்போகும் இடத்தை.

மின்சாரத்தை எடுத்துக்கொள்வோம். பாலங்களாலும் தாம்போதிகளாலும் குடாநாட்டுடன் இணைந்த வேலணை, புங்குடுதீவு போன்ற இடங்களின் நிலை வேறு. நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு ஆகியவை தேசிய மின்வலையமைப்புக்கு வெளியே, டீசல் மின்பிறப்பாக்கிகளை நம்பி வாழ்ந்து வந்தவை. இந்த மூன்று தீவுகளுக்குமான கலப்பு மின்திட்டம் 2021 ஜனவரியில் ஒரு சீன நிறுவனத்துக்கு வழங்கப்பட்டது. இந்தியா ஆட்சேபித்தது. 2022 மார்ச்சில் இந்திய உதவியுடன் செய்வதென உடன்படிக்கையாகி, 2024 மார்ச்சில் ஓர் இந்திய நிறுவனத்துடன் ஒப்பந்தம் கைச்சாத்தானது. சூரிய ஒளியில் 1,700 கிலோவாற்று, காற்றில் 530 கிலோவாற்று, துணைக்கு மின்கலத் தொகுதியும் டீசல் பிறப்பாக்கிகளும் என்பது திட்டம். இரு வல்லரசுகளின் இழுபறிக்கு நடுவே இருந்தது நமது தீவுகளின் மின்விளக்கு என்பதை நினைக்கையில் சிரிப்பும் வருகிறது, சினமும் வருகிறது.

தேசிய வலையமைப்பில் இருப்பவர்களும் பெருமைப்பட்டுக்கொள்ள வேண்டியதில்லை. 2022 மார்ச் இறுதியில் நாடு முழுவதும் நாளொன்றுக்குப் பதின்மூன்று மணி நேரம் வரை மின்வெட்டு இருந்தது. 2025 பெப்ரவரி 9ஆம் திகதி பாணந்துறை உபமின்நிலையத்தில் ஒரு குரங்கு புகுந்ததனால் இலங்கை முழுவதுமே இருளில் மூழ்கியது. 1990இற்குப் பின் யாழ்ப்பாணத்தில் மின்சாரமின்றி, சைக்கிள் டைனமோவைச் சுற்றி வானொலி கேட்டு, அப்பியாசக் கொப்பித் தாளில் பத்திரிகை அச்சிட்ட தலைமுறையைச் சேர்ந்தவன் நான். மின்சாரம் இருக்கும் என்று நம்பி எதையும் வாங்கக்கூடாது என்பதை நானே மறந்துபோனதுதான் வேடிக்கை.

ஆகவே தீவில் தொழில் செய்பவர் முதலில் கேட்க வேண்டிய கேள்வி, பற்றரி எவ்வளவு கொள்ளும், அது கெட்டால் மாற்றலாமா என்பதே. கணக்கு எழுதுவதற்கும் கடிதம் தட்டுவதற்கும் ஒரு சிக்கனமான மடிக்கணனி பத்து வாற்று அளவிலேயே செலவழிக்கும். ஐம்பது வாற்று மணித்தியாலக் கொள்ளளவு இருந்தால் ஐந்து மணி நேர வேலை முடியும். அடுத்து, யூ.எஸ்.பி. சீ வகைத் துவாரத்தின் வழியாக மின்னேற்ற முடிகிறதா என்று பார்க்க வேண்டும். முடியுமாயின், வீட்டிலுள்ள சூரியத் தகட்டின் 12 வோல்ற்று மின்கலத்திலிருந்து, வாகனத்துக்கான மின்னேற்றி ஒன்றின் மூலம் நேரடியாகவே ஏற்றலாம். 230 வோல்ற்றுக்கு உயர்த்தி மீண்டும் இறக்குவதில் வீணாகும் மின்சாரம் மிச்சமாகும்.

அடுத்தது உப்பு. கடற்காற்றிலுள்ள உப்பை, கணனியைக் குளிர்விக்கும் விசிறியே உள்ளே இழுத்துவிடுகிறது. ஈரப்பதனும் சேர்ந்தால் செம்புக் கம்பிகள் அரிக்கப்படும். "இராணுவத் தரத்தில் சோதிக்கப்பட்டது" என்று விளம்பரங்களில் எழுதியிருப்பார்கள். அமெரிக்க இராணுவத்தின் 810 என்ற நியமத்தில் உப்புமூட்டச் சோதனை ஒன்று உண்டு. ஆனால் அந்த நியமத்தில் எந்தெந்தச் சோதனைகளைச் செய்வது என்பதை உற்பத்தியாளரே தெரிவு செய்கிறார். அதிர்ச்சியையும் வெப்பத்தையும் மட்டும் சோதித்துவிட்டும் அதே வாசகத்தை அச்சிடலாம். உப்பை முற்றாகத் தடுக்கும் கணனி நம் கைக்கெட்டும் விலையில் இல்லை. யன்னலோரத்தில் வைக்காதிருத்தல், வேலை முடிந்ததும் மூடியுள்ள பெட்டியில் ஈரமுறிஞ்சும் பொதியுடன் வைத்தல், ஆண்டுக்கொரு தடவை திறந்து சுத்தம் செய்வித்தல் ஆகியவையே வழி. கடைசியாகச் சொன்னதற்குக் கணனி திறக்கக்கூடியதாக இருக்க வேண்டும்.

இங்கேதான் என் கட்சியின் மையம் உள்ளது. தீவில் இருப்பவருக்கு ஒரு கணனியின் விலை, கடையில் கொடுக்கும் பணத்தோடு முடிவதில்லை. அது பழுதாகும் ஒவ்வொரு முறையும் ஒரு நாள் படகுக்கும் பேருந்துக்கும் போகிறது. கடல் கொந்தளித்தால் அது இரண்டு நாளாகிறது. ஆகவே, திருகாணியைக் கழற்றிப் பற்றரியையும் விசைப்பலகையையும் நினைவகத்தையும் சேமிப்பகத்தையும் மாற்றக்கூடிய, சற்றுத் தடித்த, அழகில் குறைந்த, அலுவலகப் பாவனைக்கென்று செய்யப்பட்ட இயந்திரமே நமக்கு உகந்தது. லெனோவோவின் திங்பாட், டெல்லின் லற்றிடியூட், எச்பியின் எலைட்புக் போன்ற வரிசைகள் இவ்வகையின. வெளிநாட்டு அலுவலகங்கள் மூன்று நான்கு ஆண்டுகள் பாவித்துக் கழித்துவிடுபவை, புதுப்பிக்கப்பட்டு நம் நாட்டிலும் விற்பனைக்கு வருகின்றன. ஆனால் இந்த வரிசைகளிலும் மிக மெல்லிய மாதிரிகளில் நினைவகம் ஒட்டப்பட்டே வருகிறது. பெயரை மட்டும் நம்பாமல் மாதிரி இலக்கத்தைக் கேட்டுப் பார்க்க வேண்டும்.

பழையதை வாங்குவதில் ஒரு பொறியும் உண்டு. விண்டோஸ் 10இற்கான பொது ஆதரவை மைக்ரோசொப்ட் 2025 ஒக்ரோபர் 14ஆம் திகதியுடன் நிறுத்திவிட்டது. இன்ரெல் செயலிகளில் எட்டாம் தலைமுறைக்கு முந்தியவை, மிகச் சில நீங்கலாக, விண்டோஸ் 11இற்கு முறைப்படி ஏற்கப்படுவதில்லை. அத்தகைய பழைய இயந்திரங்கள் மிக மலிவாகத் தள்ளிவிடப்படுகின்றன. வங்கிக் கணக்கையும் வரி விபரத்தையும் கையாளும் ஒருவர் பாதுகாப்புத் திருத்தங்கள் வராத கணனியை வாங்குவது, பூட்டில்லாத பெட்டியில் பணம் வைப்பதற்குச் சமம். மறுபுறம், 2025இன் பிற்பகுதியிலிருந்து நினைவகச் சில்லுகளின் விலை உலகெங்கும் ஏறியிருக்கிறது. எட்டு கிகாபைற்றுடன் தொடங்கி, பின்னர் விலை இறங்கும்போது பதினாறாக்கக்கூடிய இயந்திரம் என்றால், கையிலுள்ள பணத்துக்குள் காரியம் நடக்கும்.

"எல்லாம் கைத்தொலைபேசியிலேயே செய்யலாமே, கணனி எதற்கு?" என்று சிலர் கேட்பர். கருவாட்டின் விலையை வட்ஸ்அப்பில் விசாரிக்கலாம். பன்னிரண்டு பேரின் ஓராண்டு வரவு செலவை உள்ளங்கையளவு திரையில் ஒப்பிட்டுப் பிழை பிடிக்க முடியுமா என்பதைக் கணக்கு எழுதுபவரிடம் கேட்க வேண்டும்.

"ரொறன்ரோவில் அண்ணன் இருக்கிறார், நல்லதாக ஒன்று அனுப்புவார்" என்பது இன்னொரு பதில். என் மருமகளின் ஒன்றுவிட்ட அண்ணனும் அப்படித்தான் சொன்னார். அன்பின் பேரில் சொல்வது, குறை சொல்வதற்கில்லை. ஆனால் அங்கு பளபளப்பாக விற்பது இங்கு பழுதானால் யார் பார்ப்பது? அதன் உத்தரவாதம் இலங்கையில் செல்லுமா என்பதை அனுப்புவதற்கு முன்னரே கேட்டறிய வேண்டும். அனுப்ப விரும்புபவர்கள் பணமாக அனுப்பி, தெரிவை இங்கிருப்பவரிடம் விடுவது நல்லது. 2022இன் தொடக்கத்தில் டொலர் ஒன்று ஏறத்தாழ 200 ரூபாவாக இருந்து, சில மாதங்களில் 360 ரூபாவைத் தாண்டியதைக் கண்டவர்கள் நாம். பின்னர் சற்று இறங்கினாலும் பழைய இடத்துக்கு அது திரும்பவில்லை. ஒரு தடவை பிழையாக வாங்கிவிட்டு மறு தடவை திருத்திக்கொள்ளும் வசதி நம்மில் பலருக்கு இல்லை.

தமிழைப் பற்றியும் ஒரு வார்த்தை. பாமினி எழுத்துருவில் தட்டிப் பழகியவர்கள் நம்மிடையே அநேகர். நானும் அவர்களில் ஒருவன். ஆனால் பாமினியில் எழுதிய கணக்கு, அந்த எழுத்துரு இல்லாத கணனியில் வெறும் ஆங்கில எழுத்துக் குவியலாகவே தெரியும். புதிய கணனி வாங்கும் நாளே யுனிகோடுக்கு மாற நல்ல நாள். கணக்கின் பிரதியொன்றை வெளியே வைத்திருக்கும் பழக்கத்தையும் அன்றே தொடங்கிவிட வேண்டும்.

நமது தீவுகளுக்கு உதவி செய்ய வருபவர்களுக்கும் இதையே சொல்வேன். கணனிகளை வழங்கிப் படம் எடுத்துக்கொண்டு அடுத்த படகில் திரும்பிவிடாதீர்கள். பத்துக் கணனிகள் கொடுப்பதாயின் ஒன்பதைக் கொடுங்கள். பத்தாவதன் பணத்தில் உதிரிப் பற்றரிகளையும் திருகாணிச் சாவிகளையும் வாங்கி, தீவிலேயே ஒரு பிள்ளைக்குத் திருத்தப் பழக்கிவிடுங்கள்.

என் மருமகள் சென்ற வாரம் யாழ்ப்பாணம் வந்தாள். கடையில் என்னை ஓரமாக நிற்கச் சொல்லிவிட்டுத் தானே பேசினாள். புதுப்பிக்கப்பட்ட, தடித்த, கறுத்த இயந்திரம் ஒன்றைத் தெரிவு செய்தாள். புதியதற்குச் சொன்ன விலையில் பாதியும் ஆகவில்லை. பணத்தைக் கொடுப்பதற்கு முன் பின்பக்கத்தைத் திறந்து காட்டும்படி கேட்டாள். பற்றரி எது, சேமிப்பகம் எது என்று விரலால் தொட்டுத் தெரிந்துகொண்டாள். மேலதிகமாக ஒரு பற்றரியும், கணக்கைப் பிரதி எடுக்க ஒரு வெளிச் சேமிப்பகமும் வாங்கினாள்.

பழைய கணக்குகளைக் கொப்பிகளிலிருந்தும் பற்றுச்சீட்டுகளிலிருந்தும் மீண்டும் ஏற்றிக்கொண்டிருப்பதாக நேற்றுச் சொன்னாள். 2023 ஓகஸ்ட் வரை முடிந்திருக்கிறதாம். வங்கிக்கு மறுபடியும் விண்ணப்பிக்க அவளுக்கு இன்னும் பல மாதங்கள் செல்லும். அந்த மாதங்கள் என் தலையாட்டலுக்கு அவள் கொடுக்கும் விலை.