நாடு கண்டவர்களும் விலை கொடுத்தவர்களும்

திபெத்தின் தென்பகுதியில் மேற்கிலிருந்து கிழக்காக ஓடும் சாங்போ நதி, இமயத்தின் கிழக்கு முனையில் ஒரு பெரும் மலைப்பிளவுக்குள் நுழைந்து கண்ணுக்கு எட்டாமல் மறைகிறது. மலைக்கு இந்தப் பக்கம், அசாமில், பிரம்மபுத்திரா பெருக்கெடுத்து வருகிறது. இரண்டும் ஒரே நதிதானா என்பதில் 19ஆம் நூற்றாண்டுப் புவியியலாளர்களிடம் ஊகம் இருந்தது, உறுதி இல்லை. சாங்போ பர்மாவின் ஐராவதியில்தான் சேருகிறது என்று வாதிட்டவர்களும் உண்டு. 1880இல் இந்திய நில அளவைத் துறையைச் சேர்ந்த கேப்டன் ஹார்மன் ஒரு திட்டம் வகுத்தார். அடையாளமிட்ட 500 மரக்கட்டைகளை நாளுக்கு 50 வீதம் சாங்போவில் விட வேண்டும். அவை அசாமில் வந்து சேர்கின்றனவா என்று ஆட்கள் கரையில் காத்திருந்து பார்ப்பார்கள். அந்த வேலைக்கு ஒரு லாமாவையும், அவருக்குத் துணையாகக் கிந்துப் என்ற சிக்கிம் லெப்சாவையும் அனுப்பினார். கிந்துப் டார்ஜிலிங்கில் தையல் வேலை செய்தவர். எழுதப் படிக்கத் தெரியாதவர்.

வழியில் அந்த லாமா, தோங்யுக் என்ற ஊரின் அதிகாரியிடம் கிந்துப்பை அடிமையாக விற்றுவிட்டு ஊர் திரும்பிவிட்டார். பல மாதங்கள் அடிமையாக உழைத்த கிந்துப் தப்பி ஓடினார். வீடு நோக்கி ஓடவில்லை. நதியின் போக்கிலேயே கீழ்நோக்கிப் போனார். துரத்தி வந்தவர்களிடமிருந்து மார்ப்புங் மடத்தின் தலைவர் அவரை 50 ரூபாய் கொடுத்து மீட்டார். அதனால் இப்போது அவர் மடத்துக்கு அடிமை. புனித யாத்திரை என்று சொல்லி விடுப்புப் பெற்று, 500 கட்டைகளை வெட்டி ஒரு குகையில் ஒளித்துவைத்தார். ஆண்டுகள் கடந்துவிட்டன, அசாமில் இனி யாரும் காத்திருக்க மாட்டார்கள் என்பது அவருக்குப் புரிந்தது. லாசாவரை நடந்து, கட்டைகளை விடப்போகும் நாட்களைத் தெரிவித்து வேறொருவரைக் கொண்டு கடிதம் எழுதி அனுப்பினார். மீண்டும் மடத்துக்கு வந்து உழைத்து, சொன்ன நாட்களில் சொன்னபடி கட்டைகளை ஆற்றில் விட்டார். கடிதம் ஹார்மனை எட்டவே இல்லை. அவர் உடல்நலம் கெட்டு இந்தியாவை விட்டுப்போய் இறந்திருந்தார். 500 கட்டைகளும் பார்ப்பாரின்றி வங்கக் கடலுக்குப் போயின. 1884இல் கிந்துப் டார்ஜிலிங் திரும்பியபோது நான்கு ஆண்டுகள் ஓடிவிட்டிருந்தன. அவர் வாய்மொழியாகச் சொன்னதை அதிகாரிகள் பதிவு செய்துகொண்டார்கள், பலர் நம்பவில்லை. 1913இல் பெய்லி, மோர்ஸ்ஹெட் என்ற இரு அதிகாரிகள் அதே வழியில் போய்ப் பார்த்த பிறகுதான், அருவி ஒன்றைப் பற்றிய குழப்பம் நீங்கலாக, அவர் சொன்னது பெரும்பாலும் சரி என்பது ஒப்புக்கொள்ளப்பட்டது. பெய்லி அவருக்காக ஓய்வூதியம் கேட்டார். அரசு 1,000 ரூபாய் கொடுத்தது. சில மாதங்களில் கிந்துப் இறந்துபோனார்.

நாடுகாண் பயணங்களால் மனிதகுலத்துக்கு விளைந்தது நன்மையா, தீமையா என்பது பட்டிமன்றத் தலைப்பாகவே நமக்குப் பழகிவிட்டது. ஒரு தட்டில் வரைபடங்கள், மருந்துச் செடிகள், வணிக வழிகள், அறிவியல். மறுதட்டில் கொள்ளைநோய், அடிமை வணிகம், பறிபோன நிலங்கள். எந்தத் தட்டு தாழ்கிறது என்று தீர்ப்புச் சொல்வதோடு விவாதம் முடிந்துவிடும். புவியியலும் வரைபட வரலாறும் கற்பிக்கும் நான் இந்தத் தராசை நம்புவதில்லை. ஒருவர் கொடுத்த விலையையும் இன்னொருவர் அடைந்த பலனையும் ஒரே கணக்கில் கழித்துப் பார்க்க அது நம்மைப் பழக்குகிறது. கிந்துப்பின் நான்கு ஆண்டுகளை எந்த வரைபடத்தின் மதிப்பிலிருந்து கழிப்பது? விலை கொடுத்தவர் யார், கண்டறிந்தது யார் கைக்குப் போனது என்ற இரண்டையும் தனித்தனியாகக் கேட்டால்தான் இந்த வரலாறு நமக்குப் பயன்படும் என்பது என் எண்ணம். அதைச் சோதித்துப் பார்க்கத் திபெத்தை அளந்தவர்களின் கதையைவிடப் பொருத்தமானதை நான் அறியேன்.

அந்தக் கதையின் தொடக்கம் நம் ஊரில்தான். 1802இல் வில்லியம் லாம்டன் பரங்கிமலை அருகே சமதரையில் ஆதாரக் கோடு ஒன்றைச் சங்கிலி கொண்டு அளந்தார். அதிலிருந்து முக்கோணம் முக்கோணமாக வடக்கே விரிந்துபோனதுதான் இந்தியாவின் மாபெரும் முக்கோண அளவை. காய்ச்சலிலும் காட்டிலும் எத்தனையோ பணியாட்களைப் பலிகொண்டு அது இமயத்தை எட்டியபோது நின்றது. திபெத் அந்நியருக்குக் கதவை மூடியிருந்தது. ஐரோப்பியர் தியோடலைட்டைத் தூக்கிக்கொண்டு உள்ளே போக முடியாது. மான்ட்கோமரி என்ற அதிகாரி, எல்லைப்புற இந்தியர்களைப் பயிற்றுவித்து வணிகராகவும் யாத்திரிகராகவும் அனுப்பலாம் என்றார். அப்படிப் போனவர்களே ‘பண்டிட்’டுகள்.

அவர்களில் முதன்மையானவர் நயின் சிங் ராவத். குமாவுனின் ஜோஹார் பள்ளத்தாக்கில் மிலம் கிராமத்தைச் சேர்ந்த பள்ளி ஆசிரியர். ஏற்றமோ இறக்கமோ, ஒரே அளவில் அடிவைத்து நடக்கப் பழகினார்; ஏறத்தாழ 2,000 அடிகள் ஒரு மைல். பௌத்தர்களின் ஜெபமாலையில் 108 மணிகள் இருக்கும், அவருடையதில் 100தான். நூறு அடிக்கு ஒரு மணி தள்ளினால், மாலை ஒரு சுற்று வரும்போது பத்தாயிரம் அடி. கையில் சுழலும் வழிபாட்டு உருளைக்குள் மந்திரத் தாளுக்குப் பதில் குறிப்புத் தாள்கள். விண்மீன்களின் உயரத்தை அளக்கத் தேவையான பாதரசத்தைச் சோழிகளுக்குள் அடைத்து எடுத்துப்போனார். நீர் கொதிக்கும் வெப்பநிலையைக் கொண்டு இடத்தின் உயரத்தைக் கணக்கிட்டார். 1866 ஜனவரியில் லாசாவை அடைந்து அதன் இருப்பிடத்தையும் உயரத்தையும் அளந்தார். 1877இல் லண்டன் ராயல் புவியியல் கழகம் அவருக்குத் தங்கப் பதக்கம் வழங்கியது. அரசு ஒரு கிராமத்தை மானியமாகக் கொடுத்தது.

பண்டிட்டுகளை ஏகாதிபத்தியத்தின் ஒற்றர்கள் என்றோ, அதன் பலியாடுகள் என்றோ ஒரே சொல்லில் முடித்துவிடுகிறவர்கள் உண்டு. நயின் சிங்கின் அளவைகளைப் படித்தவர் எவரும் அப்படிச் சொல்லத் தயங்குவார். பிடிபட்டால் உயிர் போகும் என்று தெரிந்தும் இரவில் விண்மீனை அளக்கக் காத்திருந்தவரை நடத்தியது சம்பளம் மட்டுமாக இருக்க முடியாது. கிந்துப் தப்பிய பிறகும் நதியின் பக்கமே போனதற்கு எந்த மேலதிகாரியின் ஆணையும் காரணமில்லை. ஆணையிட்டவர் எங்கோ இருந்தார். ஒப்புக்கொண்ட வேலையை முடிக்க வேண்டும் என்ற நேர்மையும் அறிய வேண்டும் என்ற வேட்கையும் அவர்களுடைய சொந்தச் சொத்து. ஆபத்தைத் தெரிந்து ஏற்றவர்கள் கொடுத்த விலையை அவர்களுடைய தேர்வாக மதிக்கலாம். என்னை உறங்கவிடாமல் செய்வது, கேட்காமலே விலை கொடுக்க வைக்கப்பட்டவர்களின் கதை.

சரத் சந்திர தாஸ் டார்ஜிலிங்கில் பூட்டியா உறைவிடப் பள்ளியின் தலைமையாசிரியர். 1879இலும் மீண்டும் 1881-82இலும் திபெத்துக்குச் சென்றார். தாஷில்ஹுன்போ மடத்தில் அவரை வரவேற்று ஆதரித்தவர் செங்சென் லாமா. மேலைநாட்டு அறிவைக் கற்பதில் ஆர்வம் மிக்க, எல்லோராலும் மதிக்கப்பட்ட துறவி. தாஸை அவர் நல்ல மாணவர் என்றும் நண்பர் என்றும் நம்பினார். தாஸ் உண்மையிலேயே நல்ல மாணவர்தான். ஆனால் அவர் எடுத்த குறிப்புகள் பிரிட்டிஷ் இந்திய அரசுக்கும் போயின. அவர் யார் என்பது பின்னர் லாசாவுக்குத் தெரியவந்தபோது, செங்சென் லாமா கைது செய்யப்பட்டு ஆற்றில் மூழ்கடித்துக் கொல்லப்பட்டார். அவருடைய மறுபிறவியைத் தேடி அடையாளம் காணக்கூடாது என்றும் தடைவிதித்தார்கள். ஒரு திபெத்தியத் துறவிக்கு அது மரணத்தினும் கொடிய தண்டனை. தாஸ் லாசா செல்ல உதவிய பல்ஹா என்ற பிரபுக் குடும்பத்தார் சிறைக்குப் போனார்கள். தாஸ் டார்ஜிலிங்கில் தாம் கட்டிய ‘லாசா வில்லா’வில் வாழ்ந்து, 1902இல் திபெத்திய–ஆங்கில அகராதியை வெளியிட்டார். இன்றும் திபெத்தியம் கற்போர் கையாளும் மாபெரும் நூல் அது.

அந்த அகராதியின் பயனை மறுக்க யாராலும் முடியாது. திபெத்திய மொழியில் மட்டும் எஞ்சிய எத்தனையோ பௌத்த நூல்களை உலகம் படிக்க அது வழிவிட்டது. ஆனாலும் அதன் பயனை முன்னே வைத்து, செங்சென் லாமாவின் உயிரை அதற்கு ஈடாகக் காட்டும் உரிமை நமக்கு இல்லை. அவரிடம் யாரும் சம்மதம் கேட்கவில்லை. தண்டித்தது திபெத்திய அரசுதானே, பயணி என்ன செய்வார் என்று கேட்கலாம். தண்டனையின் கொடுமைக்கு லாசாவே பொறுப்பு என்பதில் எனக்கும் ஐயமில்லை. ஆனால் வேடமிட்டு வந்தவருக்கு, பிடிபட்டால் தமக்கு இடம் கொடுத்தவர் கதி என்னவாகும் என்பது முன்பே தெரியும். இடம் கொடுத்தவருக்குத் தெரியாது.

அந்நியரைப் பற்றிய லாசாவின் அச்சமும் வீண் அச்சமாக முடியவில்லை. 1903 டிசம்பரில் கர்சன் பிரபுவின் அரசு, ரஷ்யா திபெத்தில் கால்பதிக்கிறது என்று சொல்லி யங்ஹஸ்பண்ட் தலைமையில் படையை அனுப்பியது. 1904 மார்ச் 31 அன்று குரு என்ற இடத்தில், திரித்துப்பாக்கி ஏந்தி நின்ற திபெத்தியர்கள்மீது மாக்சிம் துப்பாக்கிகள் சுட்டன. 600க்கும் மேற்பட்டவர்கள் மாண்டார்கள். ஆகஸ்டில் படை லாசாவுக்குள் நுழைந்தது. அஞ்சிய ரஷ்யப் படைக்கலம் எதுவும் அங்கே இல்லை. அன்று பிரிட்டிஷாரிடம் இருந்த திபெத் வரைபடங்களின் அடிப்படை, பெரிதும் பண்டிட்டுகள் நடந்து அளந்ததுதான். வரைபடம் இல்லாவிட்டால் படையெடுப்பு நடந்திராது என்று நான் வாதிட மாட்டேன். போர்களைத் தொடங்குவது பேராசையும் பயமும். வரைபடம் அவற்றுக்கு வழிதான் காட்டும். ஆயினும் அளந்தவர் கையைவிட்டுப் போன அளவை யார் கையில் சேர்கிறதோ, அவர்களுடைய நோக்கத்துக்கே உழைக்கும். நயின் சிங்கின் ஆர்வம் எவ்வளவு தூயதாக இருந்தாலும், அந்தத் தாள்கள் போய்ச் சேர்ந்த அலுவலகத்துக்கு வேறு நோக்கங்கள் இருந்தன.

அப்படியானால் அறியாமலே இருந்திருக்கலாமா? இல்லை. 2000 ஏப்ரலில் திபெத்தின் யிகோங் ஆற்றில் மலை சரிந்து விழுந்து நீரை அடைத்தது. கிந்துப் அடிமையாகக் கிடந்த அதே வட்டாரம் அது. இரண்டு மாதங்கள் தேங்கிய நீர் ஜூனில் உடைத்துக்கொண்டு சாங்போ வழியே அருணாசலப் பிரதேசத்தின் சியாங் பள்ளத்தாக்கில் பாய்ந்தது. முப்பது பேர்வரை இறந்தார்கள், ஆயிரக்கணக்கானோர் வீடிழந்தார்கள். சாங்போவும் சியாங்கும் பிரம்மபுத்திராவும் ஒரே நதி என்பது அப்போது எல்லோரும் அறிந்த செய்தி. மேலே நீர் தேங்கி நின்ற இரண்டு மாதச் செய்தி மட்டும் கீழே வாழ்ந்தவர்களுக்கு உரிய நேரத்தில் வந்துசேரவில்லை. கண்டறிதலின் நன்மை எவ்வளவு பெரியது என்பதற்கும், பகிரப்படாத அறிவால் பயனில்லை என்பதற்கும் இந்த ஒரு நிகழ்வே சான்று.

அதன்பின் 2002இல் வெள்ளக்கால நீரளவைச் சீனா இந்தியாவுக்குத் தெரிவிக்க உடன்பாடு ஏற்பட்டது. டோக்லாம் எல்லைப் பதற்றம் நிலவிய 2017இல் தகவல் வரவில்லை. அடுத்த ஆண்டு புதுப்பிக்கப்பட்ட உடன்பாட்டின் காலம் 2023இல் முடிந்தது. இதற்கிடையே சாங்போ மலைப்பிளவுக்குள் வளைந்து திரும்பும் பெருவளைவில், மெடோக் பகுதியில், உலகின் மிகப் பெரிய நீர்மின் திட்டத்தின் கட்டுமானத்தை 2025 ஜூலையில் சீனா தொடங்கிவிட்டது. சீனாவைக் குறை சொல்வது நமக்கு எளிது, சொல்லவும் வேண்டும். ஆனால் நம் பக்கமும் பார்க்க வேண்டும். கங்கை, பிரம்மபுத்திரா, சிந்துப் படுகைகளின் நீரளவுத் தரவுகளை நம் அரசே இரகசியப் பட்டியலில் வைத்திருக்கிறது. நம் நில அளவைத் துறையின் வரைபடங்களை இந்தியக் குடிமக்கள் தடையின்றிப் பயன்படுத்தும் நிலை 2021 பிப்ரவரியில்தான் வந்தது. மான்ட்கோமரி காலத்தில் எதிரிக்குத் தெரியக்கூடாது என்று தொடங்கிய பழக்கம், நதிக்கரையில் குடியிருப்பவருக்கும் தெரியாமல் வைப்பதாக வளர்ந்துவிட்டது.

பாதுகாப்புக் கவலையை நான் அற்பமாக எண்ணவில்லை. எல்லை நதியின் நீரளவு பேச்சுவார்த்தையில் பலம் தரும் என்று வாதிடும் அதிகாரிகள் அறியாமையில் பேசுவதில்லை. ஆனால் அணை கட்டும் நாட்டுக்கு மேலே பாயும் நீரின் கணக்கு ஏற்கனவே தெரியும். இரகசியத்தால் இருட்டில் நிற்பவர்கள் சியாங் கரையின் ஆதி பழங்குடியினரும் அசாமின் விவசாயிகளும் நம் ஆய்வாளர்களுமே. சீன அணைக்கு எதிரீடாக இந்தியா திட்டமிடும் மேல் சியாங் அணையை ஆதி மக்கள் எதிர்க்கிறார்கள். தங்கள் நிலத்தை அளக்க ஆட்கள் வரும்போது, அளவை யாருக்காக என்று கேட்கிறார்கள். நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன் தாஷில்ஹுன்போவில் கேட்கப்பட்டிருக்க வேண்டிய கேள்வி அது.

ஆகவே நம் நீர்வளத் துறை அமைச்சகத்தை நான் கேட்டுக்கொள்வது இதுதான்: சீனாவுடனான தரவு உடன்பாட்டை வெள்ளக்காலத்துக்கு மட்டும் என்றில்லாமல் ஆண்டு முழுமைக்குமாகப் புதுப்பிக்க முயலுங்கள், அதற்குக் காத்திராமல், சியாங்கிலும் பிரம்மபுத்திராவிலும் நாமே அளக்கும் நீரளவை அந்தக் கரைகளில் வாழும் மக்களின் மொழிகளில் அன்றாடம் வெளியிடுங்கள்.