கறுத்த கொலுசு

கல்யாண வெள்ளியைப் பற்பசை போட்டுத் தேய்க்காதீர்கள். இதைச் சொல்லத்தான் இன்று உட்கார்ந்தேன். தை நெருங்குகிறது. பென்னாகரத்தில் வீட்டுக்கு வீடு பீரோவைத் திறந்து கொலுசு, மெட்டி, சந்தனக் கிண்ணம், குங்குமச் சிமிழ் எல்லாவற்றையும் வெளியே எடுக்கிற நேரம். கைப்பேசியில் ஆளாளுக்கு ஒரு வீடியோ அனுப்புகிறார்கள். பற்பசையைக் குழைத்துப் பழைய பிரஷ்ஷால் நாலு தேய் தேய்த்தால் பளபளப்பாம்.

பளபளப்பு வரும், மறுக்கவில்லை. பல்லில் படிந்த கறையைச் சுரண்டுவதற்கென்றே பற்பசையில் நுண்ணிய தூள் கலக்கிறார்கள். பல்லின் மேற்பூச்சு அதைத் தாங்கும். வெள்ளி பல்லைவிட மெத்தென்ற பொருள், தாங்காது. கண்ணுக்குத் தெரியாத கீறல் விழும், பூவேலைப்பாடு வருஷா வருஷம் மழுங்கும்.

அந்தக் கறுப்பை அழுக்கு என்று நினைப்பதில்தான் கோளாறே. காற்றிலிருக்கும் கந்தக வாயு வெள்ளியோடு சேர்ந்து சல்பைடு ஆகிறது. ஆக, கறுப்புக்குள் இருப்பதும் நம் வெள்ளிதான். தேய்க்கிற துணியில் ஒட்டிக்கொண்டு போவது உங்கள் பிறந்த வீட்டுச் சீர்.

மெட்டி கறுத்தால் உடம்பில் சூடு என்பார்கள். புருஷனுக்கு ஆகாது என்று பயமுறுத்துகிறவர்களும் உண்டு. பாவம், அந்தப் புருஷன் என்ன செய்வான்? வியர்வை, முட்டை, வெங்காயம், மழைக்கால ஈரம் எல்லாம் காரணம். கொலுசைச் சுருட்டி ரப்பர் பேண்டு போட்டு வைப்பது எல்லாவற்றையும்விட மோசம். ரப்பரைக் கந்தகம் சேர்த்துத்தான் பதப்படுத்துகிறார்கள்.

கடையில் பாலிஷுக்குக் கொடுக்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. எங்கள் வீட்டுக் கொலுசு ஒரு முறை அப்படிப் போய்வந்தது. வெள்ளை வெளேரென்று வந்தது, ஆனால் எடை குறைந்திருந்தது. கேட்டதற்கு, "அழுக்கு போச்சுங்க சார்" என்றார்கள். முப்பத்து சொச்சம் வருஷம் பதிவேடு எழுதிய கை இது. போகும்போது ஒரு எடை, வரும்போது ஒரு எடை குறித்து வைக்காமல் எந்தப் பொருளும் எங்கள் வாசலைத் தாண்டாது. நீங்களும் அப்படிச் செய்யுங்கள். வெட்கப்பட ஒன்றுமில்லை.

நான் புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்தவன் என்பது வழக்கமாகப் படிக்கிறவர்களுக்குத் தெரியும். அந்த மொழியில் வெள்ளிக்கும் பணத்துக்கும் ஒரே சொல், அர்ழான். சிறு வயதில் எது எந்த அர்ழான் என்று குழம்புவேன். இப்போது நம் வீடுகளிலும் இரண்டும் ஒன்றாகிக்கொண்டு வருகிறது. 2025 அக்டோபரில் சென்னையில் கிராம் 200 ரூபாயைத் தாண்டியதும், பாட்டியின் கொலுசைப் போட்டுப் புதுசு எடுத்துவிடலாம் என்று பேச்சு கிளம்பிவிட்டது. என் மகளும் கேட்டாள். பேத்திக்குக் கல்யாணம், மெல்லிசாக நவீன மாடலில் வேண்டுமாம்.

நான் கணக்குப் போட்டுக் காட்டினேன். நம் பக்கத்தில் கொலுசு என்றால் சேலம் செவ்வாய்ப்பேட்டைதான். ஒரு கொலுசில் எத்தனை கண்ணி, எத்தனை முத்து, எத்தனை பற்றவைப்பு! பற்றவைக்கிற பொடியில் வேறு உலோகமும் கலந்திருக்கும். உருக்கினால் 'டச்' குறையும், அதற்கு ஒரு கழிவு. புதுசுக்குச் செய்கூலி, சேதாரம் மறுபடியும். பழைய கொலுசில் முத்திரை கிடையாது, ஆகவே வாங்குகிறவர் சொன்னதுதான் தரம். (புதிதாக வாங்குகிறவர்கள் ஹால்மார்க் கேளுங்கள். 2025 செப்டம்பர் 1 முதல் வெள்ளிக்கும் ஆறு இலக்க அடையாளக் குறியீடு வந்திருக்கிறது, கட்டாயம் இல்லை என்றாலும்.) கணக்கு இருக்கட்டும். அந்தக் கொலுசில் அவள் அம்மாவின் நடை இருக்கிறது. உள்பக்கம் தேய்ந்திருப்பது நாற்பது வருஷம் இந்த வீட்டுக்குள் நடந்த தேய்மானம். எந்தத் தராசில் அதை வைப்பது? மகள் பதில் சொல்லவில்லை. பேத்திதான் காலில் போட்டுப் பார்த்துவிட்டு, "தாத்தா, கழட்ட மாட்டேன்" என்றாள்.

போட்டுக்கொண்டே இருப்பதுதான் முதல் பராமரிப்பு. தினம் உடம்பில் உரசுகிற வெள்ளி அவ்வளவாகக் கறுப்பதில்லை, பீரோவில் தூங்குவதுதான் கறுக்கிறது. அழுக்கு என்றால் பூந்திக்கொட்டையை ஊறவைத்த தண்ணீரில் மெத்தென்ற துணியால் கழுவினால் போதும். நம் ஊர் போர் தண்ணீர் காய்ந்தால் வெள்ளைத் திட்டு விழும், உடனே துடைத்துவிட வேண்டும்.

ரொம்பக் கறுத்துவிட்டதா? பாத்திரத்தின் அடியில் அலுமினியத் தாளை விரித்து, அதன்மேல் நகை படும்படி வைத்து, சமையல் சோடாவும் கொஞ்சம் உப்பும் போட்டுச் சுடுதண்ணீர் ஊற்றுங்கள். கூமுட்டை நாற்றம் வரும், பயப்பட வேண்டாம். கந்தகம் அலுமினியத்துக்குப் போய்விடும், வெள்ளி நகையிலேயே தங்கும். கல், முத்து பதித்ததையும், உள்ளே அரக்கு வைத்த காப்பையும் இதில் போடக்கூடாது. வேலைப்பாடு தெரிவதற்காக ஆசாரி வேண்டுமென்றே கறுப்பு விட்ட நகையையும் போடாதீர்கள். பள்ளத்தில் கறுப்பு இருந்தால்தான் பூ பூவாகத் தெரியும்.

எடுத்து வைக்கும்போது பழைய பருத்தி வேட்டித் துணியில் தனித்தனியாகச் சுற்றி, காற்றுப் புகாத கவரில் ஒரு சாக்கட்டியோடு வையுங்கள். ஈரத்தை அது இழுத்துக்கொள்ளும். எங்கள் கவரில் ஒரு சீட்டும் இருக்கிறது: யாருடையது, எந்த வருஷம், என்ன எடை. பேத்தி அதில் தன் பெயரையும் எழுதிக்கொண்டாள்.