கண்ட காட்சியும் கொண்ட கருத்தும்

நாகர்கோவிலுக்கு வடக்கே, பழையாற்றின் நீர் பாயும் வயல்களுக்கு நடுவே அமைந்தது பூதப்பாண்டி. பூதலிங்கசுவாமி கோயிலாலும், 1907ஆம் ஆண்டில் அங்கே பிறந்த ப. ஜீவானந்தத்தாலும் பெயர் பெற்ற ஊர் அது. அவ்வூருக்கு அருகில் ஒரு மலை உண்டு. தாடகை மலை என்பது அதன் பெயர். இராமனின் அம்பு பட்டு வீழ்ந்த தாடகை அங்கே மலையாய்க் கிடக்கிறாள் என்பது நாஞ்சில் நாட்டார் வழிவழியாகக் கூறும் கதை. தொலைவில் நின்று நோக்கினால், பெண்ணொருத்தி மல்லாந்து படுத்திருப்பது போன்ற தோற்றம் தெரியும்.

வெளியூரிலிருந்து வந்த விருந்தினர் ஒருவரை அழைத்துச் சென்று, ஒன்றும் சொல்லாமல் அம்மலையைக் காட்டிப் பாருங்கள். ‘அழகிய மலை, முகில் தவழ்கிறது’ என்பார். பிறகு, ‘அதோ தலை, அதோ உடல், அதோ நீட்டிய கால்’ என்று கூறுங்கள். ஒரு நொடி திகைத்துப் பின், ‘ஆம், ஆம்!’ என்பார். அதன்பின் அவரால் அதை வெறும் மலையாகக் காண இயலாது. மலை மாறிற்றா? இல்லை. கண் மாறிற்றா? அதுவும் இல்லை. பின் மாறியது யாது?

இத்தகைய வினாக்களுக்கு ஆய்வின் வழியே விடை தேடுவது உளவியல். 1879ஆம் ஆண்டில் ஜெர்மனியின் லைப்சிக் நகரில் வூண்ட் என்னும் அறிஞர் அதற்கென ஓர் ஆய்வுக்கூடம் நிறுவினார். உளவியலார் இரண்டு செயல்களை வேறு பிரித்துக் காட்டுகின்றனர். ஒளி கண்ணில் பட்டு நரம்பின் வழியே மூளைக்குச் செய்தி செல்வது புலனுணர்ச்சி. அச்செய்தியை, முன்பே அறிந்தவற்றோடு கூட்டி, ‘இஃது இன்னது’ என்று மனம் பொருள் கொள்வது புலக்காட்சி. விருந்தினரின் புலனுணர்ச்சி மாறவில்லை, புலக்காட்சி மாறிற்று.

மனம் இவ்வாறு இட்டு நிரப்புவதை நீங்களே சோதித்து அறியலாம். ஒரு வெள்ளைத் தாளில் ஒரு கூட்டல் குறியும், அதற்கு மூன்று அங்குலம் வலப்புறத்தில் ஒரு சிறு கரும்புள்ளியும் இடுங்கள். கையை நீட்டித் தாளைப் பிடித்து, இடக்கண்ணை மூடி, வலக்கண்ணால் கூட்டல் குறியையே உற்று நோக்கியவாறு தாளை மெல்ல முகத்தருகே கொண்டுவாருங்கள். ஏறத்தாழ ஓர் அடித் தொலைவில் கரும்புள்ளி மறைந்துவிடும்! பார்வை நரம்பு விழித்திரையை விட்டு வெளியேறும் இடத்தில் ஒளியை உணரும் ஆற்றல் இல்லை. புள்ளியின் பிம்பம் அவ்விடத்தில் விழுந்ததே காரணம். வியப்பு அதுவன்று. புள்ளி மறைந்த இடத்தில் ஓட்டை ஒன்றும் தோன்றவில்லை. வெள்ளைத் தாளே தோன்றுகிறது. காணாத இடத்தை மனம் அக்கம்பக்கத்தைக் கொண்டு பூசி மெழுகிவிட்டது. அதுவும் நம்மைக் கேளாமலே!

1976ஆம் ஆண்டில் வைக்கிங் விண்கலம் செவ்வாயிலிருந்து அனுப்பிய ஒரு படத்தில் மனித முகம் போன்ற ஒன்று காணப்பட்டது. அங்கே மக்கள் வாழ்ந்து செதுக்கியது என்று நம்பியவர்களும் உண்டு. 1998, 2001ஆம் ஆண்டுகளில் நுட்பமான படங்கள் வந்தபோது, அஃது ஒரு சாதாரணக் குன்று என்பது தெளிவாயிற்று. செவ்வாயிலும் ஒரு தாடகை மலை!

‘கண்ணால் காண்பதும் பொய்’ என்று நம் பழமொழி கூறுகிறது. எனக்கு அஃது அளவு கடந்த தீர்ப்பாகவே படுகிறது. மனம் விரைந்து பொருள் கொள்ளாவிடில் நாம் வாழ்வது எங்ஙனம்? அந்திநேரத்தில் வரப்பில் நடப்பவன் கயிற்றைப் பாம்பென்று அஞ்சித் துள்ளினால் இழப்பு ஏதுமில்லை. பாம்பைக் கயிறென்று மிதித்தால் உயிரே போகும். ஆனால் கயிறு நம்மிடம் வழக்குரைக்க வாராது. மனிதரைப் பற்றிப் பொருள் கொள்ளும்போதுதான் இடர் நேர்கிறது.

நான் பள்ளியில் பயின்ற நாளில், தேர்வுக் கட்டணமாகத் திரட்டிய பணம் ஒருநாள் காணாமற்போயிற்று. வகுப்பில் மிக வறிய மாணவன் ஒருவன் மீது ஐயம் எழுந்தது. உணவு இடைவேளையில் அவன் ஆசிரியரின் மேசையருகே நின்றதை நான் கண்டிருந்தேன். ‘அவன் மேசையைத் திறந்தபோது நீ எங்கே நின்றாய்?’ என்று என்னை வினவினார்கள். ‘வாயிற்படியில்’ என்றேன். அவ்வளவில் என் நெஞ்சில் ஒரு காட்சி எழுந்தது: அவன் கை, திறந்த மேசை, திரும்பிப் பார்க்கும் முகம். அதைக் கண்டதாகவே மனமார நம்பிச் சொன்னேன். மூன்றாம் நாள் வருகைப்பதிவேட்டின் உறைக்குள் பணம் முழுவதும் இருந்தது. ஆசிரியரே வைத்து மறந்திருந்தார். அவனோ அன்று சன்னலோரம் காற்று வாங்க நின்றவன்.

நான் பொய் சொன்னேனா? இவ்வினா என்னை நெடுநாள் வருத்தியது. அமெரிக்க உளவியலறிஞர் எலிசபெத் லாப்டசும் ஜான் பாமரும் 1974ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வைப் படித்தபின்தான் சற்றே தெளிந்தேன். கார்கள் மோதும் காட்சியை அவர்கள் 150 மாணவர்களுக்குத் திரையில் காட்டினர். ஐம்பது பேரிடம், ‘கார்கள் மோதியபோது என்ன வேகம்?’ என்றும், வேறு ஐம்பது பேரிடம், ‘மோதி நொறுங்கியபோது என்ன வேகம்?’ என்றும் வினவினர். எஞ்சியோரிடம் வேகம் பற்றிக் கேட்கவில்லை. ஒரு வாரம் சென்றபின், ‘உடைந்த கண்ணாடியைக் கண்டீர்களா?’ என்று எல்லாரையும் கேட்டனர். படத்தில் உடைந்த கண்ணாடியே இல்லை. எனினும் ‘மோதிய’ என்னும் சொல்லைக் கேட்டவருள் 7 பேரும், ‘நொறுங்கிய’ என்னும் சொல்லைக் கேட்டவருள் 16 பேரும் ‘கண்டோம்’ என்றனர். வினாவிலிருந்த ஒரு சொல் நினைவினுள் புகுந்து காட்சியாகிவிட்டது! ‘மேசையைத் திறந்தபோது’ என்ற சொல்லும் எனக்கு அதைத்தான் செய்தது.

என் பிழைக்கு இவ்விளக்கம் போதும் என்று நான் கருதவில்லை. ‘எனக்குத் தெரிந்தது அவன் நின்றது மட்டுமே’ என்று சொல்லியிருக்க வேண்டியவன் நான்.

பணம் கிடைத்த அன்று ஆசிரியர் அவனை வகுப்பின் முன் அழைத்து வருத்தம் தெரிவித்தார். நாங்களும் கைகளைப் பற்றிக்கொண்டோம். எனினும், அதன்பின் அவ்வாண்டு முழுவதும் ஓர் எழுதுகோல் தொலைந்தாலும் எங்கள் கண்கள் முதலில் அவன் இருக்கையையே நோக்கின. அவன் அதை அறிவான். எவனேனும் ‘காணோம்’ என்று சொன்ன மறுகணமே, ஒருவரும் கேளாமுன் எழுந்து, தன் பையைத் தலைகீழாகக் கவிழ்த்துக் காட்டுவான்.