சுருக்க வேண்டியது நகலை, மூலப் படத்தை அல்ல!

போனில் இடம் இல்லை என்று எச்சரிக்கை வந்ததும் பலர் முதலில் கை வைப்பது புகைப்படங்களில்தான். ஆல்பம் முழுவதையும் ஒரு செயலியில் போட்டுச் சுருக்கி, சிறியதை வைத்துக்கொண்டு பெரியதை அழித்துவிடுகிறார்கள். திரையில் இரண்டும் ஒன்றாகத்தானே தெரிகிறது என்பது அவர்கள் வாதம். இந்த வாதம் தவறு.

ஜிப் கோப்பைத் திறந்தால் உள்ளே போட்டது அப்படியே வரும். 1992-ல் தரநிலையான ஜேபெக் அப்படி இல்லை. நம் கண் வெளிச்ச வேறுபாட்டை நன்றாகவும், நிற வேறுபாட்டைச் சுமாராகவும் பார்க்கும். அதனால் ஜேபெக் பெரும்பாலும் நிற விவரங்களை முதலில் குறைக்கிறது. பிறகு படத்தை 8x8 புள்ளிக் கட்டங்களாகப் பிரித்து, நாசிர் அகமது, நடராஜன், ராவ் மூவரும் 1974-ல் வெளியிட்ட கணித முறையில் மாற்றி, கண்ணுக்கு எளிதில் படாத நுணுக்கங்களைக் கழித்துவிடுகிறது. போனது போனதுதான். அந்தப் படத்தைத் திருத்தி மறுபடி சேமித்தால் இன்னும் கொஞ்சம் போகும்.

அப்படியானால் சுருக்கவே கூடாதா? தாராளமாகச் சுருக்கலாம், நகல் எடுத்துக்கொண்டு! 4000x3000 படத்தை 1200x900 ஆக்கினால் 1 கோடியே 20 லட்சம் புள்ளிகள் சுமார் 11 லட்சமாகிவிடும். மின்னஞ்சலுக்கு இது போதும். முதலில் நீள அகலத்தைக் குறைத்து, அப்புறம் தரத்தை 80 அளவுக்கு இறக்கினால் படம் பார்க்கும்படி இருக்கும். எழுத்து நிறைந்த ஸ்கிரீன்ஷாட்டுக்கு பிஎன்ஜி நல்லது, அது எதையும் கழிப்பதில்லை.

மூலத்தின் அருமை அச்சிடும்போதுதான் தெரியும். அங்குலத்துக்கு 300 புள்ளி என்று கணக்கிட்டால் 4000 புள்ளி அகலப் படம் 13 அங்குலம் வரை தெளிவாக வரும். 1200 புள்ளிப் படம் 4 அங்குலத்தோடு சரி. வீட்டுப் பெரியவர் காலமான பிறகு, கூடத்தில் மாட்டுவதற்கு ஒரு படம் தேடும் நாளில் இந்த வித்தியாசம் வலிக்கும். ஏஐ தெளிவாக்கித் தரும் என்பார்கள். அது ஊகித்து வரைந்த முகம், அவர் முகம் அல்ல.

இடம்தான் பிரச்சினை என்றால், படம் ஒன்று 4 எம்பி என்று வைத்தாலும் 32 ஜிபி பென்டிரைவில் ஏறக்குறைய 7,000 படங்கள் அடங்கும். பென்டிரைவும் கெட்டுப்போகும் என்பதால் இன்னொரு பிரதி கணினியில் இருக்கட்டும். போனிலிருந்து அழிக்கத்தான் வேண்டுமென்றால், தினமும் வந்து குவியும் "காலை வணக்கம்" படங்களிலிருந்து ஆரம்பிக்கலாமே!