யாருடைய தேர்வு?

ஒப்பந்த வேலை தொழிலாளி விரும்பித் தேர்ந்துகொள்ளும் சுதந்திரம், நிரந்தர வேலை சோம்பேறிகளின் புகலிடம்: இந்த இரண்டு கூற்றுகளையே மேலாண்மை ஆலோசகர் ஒருவர் தம் நீண்ட கட்டுரை முழுக்கத் திருப்பித் திருப்பிச் சொல்லியிருக்கிறார். அவர் நிறுத்தும் ஒரே சாட்சி, மணிக்கணக்கில் கட்டணம் வாங்கும் மென்பொருள் வல்லுநர். அந்த வல்லுநர் தன் விலையைத் தானே சொல்பவர், படியாவிட்டால் அடுத்த வாடிக்கையாளரைத் தேடிப் போகக்கூடியவர். அவரைக் காட்டி, தன் கூலி டெண்டரில் முடிவாவதைத் தடுக்க வழியில்லாத தூய்மைப் பணியாளருக்குத் தீர்ப்பெழுத எந்தத் தருக்கம் இடம்கொடுக்கும்? மணிமேகலையில் அறவண அடிகள் இத்தகைய பொருந்தா உவமையைத் திட்டாந்தப் போலி என்று ஒதுக்குகிறார். தெருவில் இதற்குப் பெயர் தில்லுமுல்லு.

சரி, சுதந்திரம் என்றே வைத்துக்கொள்வோம். 24 மாதங்களில் 480 நாள் வேலை செய்தவரை நிரந்தரமாக்க வேண்டும் என்கிறது தமிழ்நாட்டின் 1981ஆம் ஆண்டுச் சட்டம். அந்தக் கணக்கு நிறைவதற்குள் ஆளை 'பிரேக்' கொடுத்து அனுப்பிவிட்டு, புது ஆள் போல மறுபடி பதிவேட்டில் ஏற்றும் வித்தை தொழிற்பேட்டைகளில் எல்லாருக்கும் தெரியும். அந்தப் பிரேக்கை எந்தத் தொழிலாளி கேட்டு வாங்கினார்? விரும்பி வருகிறவரை விலக்கிவைக்க நாட்காட்டியைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியது ஏன்?

நிரந்தரம் சோம்பலை வளர்க்கும் என்பது உண்மையானால் முதலில் கெட்டுப்போயிருக்க வேண்டியவர்கள் நிரந்தரச் சம்பளம் வாங்கும் மேலாளர்கள். அவர்களை ஏன் ஆலோசகர் ஒப்பந்தத்துக்கு மாற்றச் சொல்லவில்லை? அவருடைய கவலை உழைப்பின் தரத்தைப் பற்றியதல்ல. கிராஜுவிட்டி, போனஸ், சங்கம் ஆகிய மூன்றும் இல்லாத ஆளைப் பற்றியது.

'சட்டம்தான் காப்பாற்றுகிறதே' என்று அவர் எழுதியிருப்பது அறியாமையா, துணிச்சலா? ஆண்டு முழுவதும் நடக்கும் வேலையா என்பதையும் பார்த்து ஒப்பந்த முறையைத் தடைசெய்யும் அதிகாரத்தை 1970ஆம் ஆண்டுச் சட்டம் அரசுக்குக் கொடுத்தது. தடை வந்தாலும் அந்தத் தொழிலாளர் தாமாக முதன்மை நிறுவனத்தின் ஊழியராகிவிட மாட்டார்கள் என்று 2001இல் ஸ்டீல் அத்தாரிட்டி வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஒப்பந்த முறை ஒழிக்கப்பட்டாலும் அதில் உழைத்தவர் தெருவில் நிற்க நேரும் என்பதே இதன் பொருள். இதைப் படிக்காமலா எழுதினார்? படித்திருந்தால் அது இன்னும் மோசம்.

நிரந்தரத்துக்கு ஏங்கும் காலம் போய்விட்டதாம். 2025 ஆகஸ்டில் சென்னை மாநகராட்சியின் ராயபுரம், திரு.வி.க. நகர் மண்டலங்களின் தூய்மைப் பணியாளர்கள், பெரும்பாலும் பெண்கள், தனியார் ஒப்பந்ததாரரிடம் போக மாட்டோம், எங்களை நிரந்தரமாக்குங்கள் என்று ரிப்பன் மாளிகை வாசலில் 13 நாள் உட்கார்ந்திருந்தார்கள். அவர்கள் தேர்ந்தது எது என்பதில் ஐயமில்லை. தேர்வுக்குப் பதிலாக நள்ளிரவில் போலீஸ் வண்டி வந்தது. தேர்வுச் சுதந்திரத்தைப் பற்றி அத்தனை பக்கம் எழுதியவர் அந்த இரவைப் பற்றி ஒரு வரி எழுதட்டும்.